பாய் கடை பேட்டரியும் ஒரு வலைத்தளமும்

என் அக்கா மகன் சோபாவில் சாய்ந்துகொண்டு கைப்பேசியிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ரங்கூன் பக்கத்துப் பீலிக்கான் தீமிதிக்குக் குடும்பத்தோடு போய்வந்தபோது எடுத்தவை. என் அப்பா மஞ்சள் வேட்டியில் பூக்குழி ஓரம் நிற்கும் படம் என் கண்ணெதிரே காணாமல் போனது.

"டேய், தாத்தா படத்தையா அழிக்கிறாய்?"

"பாட்டி போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் நீக்குகிறேன் மாமா. அப்டேட்டுக்கு இன்னும் ஒரு ஜிபி வேண்டும். கரண்டு போவதற்குள் இறக்கியாக வேண்டும்."

மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டின் அப்டேட்டுக்காகத்தான் இத்தனையும். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு வாரம் கழித்து, புதிதாக வாங்கிய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியாக அதையே எழுதினேன்: "இடம் இல்லை. தாத்தாவை நீக்கினான். விளையாட்டை நீக்கவில்லை."

2023-ஆம் ஆண்டு மழைக்காலத் தொடக்கம் அது. ரங்கூனில் வலைத்தளம் வடிவமைப்பது என் தொழில். அரிசிக் கடை, சுற்றுலா நிறுவனம், கண் மருத்துவர் என்று வந்ததையெல்லாம் செய்து கொடுப்பேன். மின்விளையாட்டு ரசிகர்களுக்காக ஒரு தளம் வேண்டும் என்று மூன்று பர்மிய இளைஞர்கள் வந்து நின்றபோது, கேரம் பலகைக்கு அப்பால் எனக்கு எந்த விளையாட்டும் தெரியாது. அவர்கள் சிறிய போட்டிகள் நடத்துகிறவர்கள். "அகோ (அண்ணா), இந்த மாதிரி வேண்டும்" என்று ஒரு வெளிநாட்டுத் தளத்தைக் காட்டினார்கள். கன்னங்கரேல் என்ற பின்னணி, அதில் ஊதா நிற மின்னல், திறந்தவுடன் தானாக ஓடும் வீடியோ.

மூன்று வாரம் கொடுங்கள், முதலில் ரசிகர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. "எங்களையே கேளுங்களேன், நாங்களும் ரசிகர்கள்தானே?" நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் மூவர் வீட்டிலும் ஜெனரேட்டர் இருந்தது.

அந்த மொபைல் லெஜண்ட்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஓரிரு வரி. ஷாங்காயைச் சேர்ந்த மூன்டன் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர், ஆளுக்கு ஒரு ஹீரோ பாத்திரம், மூன்று பாதைகள், எதிரியின் கோட்டையை இடித்தால் வெற்றி. கைப்பேசி போதும், கணினி வேண்டாம். பர்மாவில் அது வேர்விட்டதற்கு அதுவே காரணம். 2014-இல் 1,500 சட்டுக்கு (பர்மிய நாணயம்) சிம் அட்டை வரும் வரை இந்த ஊரில் சாமானியன் கையில் தொலைபேசி ஏது? கணினி என்ற படியில் கால் வைக்காமலே ஒரு தலைமுறை நேராகக் கைப்பேசிக்குத் தாவியது. பேசியது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் அந்த ஆறு அங்குலத்தில்தான்.

அவர்களோடு பேச உட்கார்ந்தால் முதலில் வருவது ஒரே கதை. 2021 ஜனவரி 24, சிங்கப்பூர், உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியாட்டம். நம் ஊர் அணியான பர்மீஸ் கூல்ஸ், பிலிப்பைன்ஸின் பிரென் அணியோடு ஏழு ஆட்டம் வரை மல்லுக்கட்டி 4-3 என்று தோற்றது. அன்று எங்கே இருந்தேன், யாரோடு பார்த்தேன், ஏழாவது ஆட்டத்தில் எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்பித்தார்கள். எட்டாம் நாள் பிப்ரவரி 1, ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த இறுதியாட்டத்தைச் சொல்லும்போது எல்லோர் குரலிலும் ஒரு கனம் இருந்தது. அடுத்த மாதமே இரவுகளில் இணையத்தை நிறுத்தத் தொடங்கினார்கள்.

பயனர் ஆய்வு பற்றிய பாடங்களில் முதல் அறிவுரை, உரையாடலைப் பதிவு செய் என்பது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கு என்பது அடுத்தது. முதல் நாள் கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். எதிரே இருந்த பையன் பொத்தானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அதன் பிறகு "ஆமாம்", "இல்லை" தவிர எதுவும் சொல்லவில்லை. படிவத்தை எடுத்திருந்தால் எழுந்தே போயிருப்பான். அன்றோடு இரண்டையும் விட்டேன். யாருடைய பெயரையும் கேட்கவில்லை. குறிப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் அப்பா கற்றுக்கொடுத்த எழுத்து, எனக்குப் பூட்டுப் போட்ட பெட்டியாக உதவும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். எதிரே இருப்பவர்கள் என் பக்கத்தை எட்டிப் பார்ப்பார்கள், வட்டம் வட்டமாக ஏதோ இருக்கிறதே என்று சிரிப்பார்கள், பிறகு பேசுவார்கள். அக்கா மகனும் ஒருநாள் குறிப்பேட்டைப் புரட்டினான். "என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் மாமா?" பாட்டியோடு மணிக்கணக்கில் தமிழ் பேசுகிறவன்தான், எழுத்து மட்டும் தெரியாது. படித்துக் காட்டினேன். தாத்தா படத்து வரியை மட்டும் தாண்டிவிட்டேன்.

கேள்வி கேட்பதிலும் முதலில் சறுக்கினேன். "உங்களுக்கு எப்படிப்பட்ட தளம் வேண்டும்?" என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள்: நேரலை, செய்தி, வீரர் பேட்டி, தரவரிசை, அரட்டை. கல்யாணப் பந்தியில் எது வேண்டும் என்று கேட்டால் எதை வேண்டாம் என்பார்கள்? கேள்வியை மாற்றினேன். "கடைசியாக நீங்கள் பார்த்த போட்டி எது? அப்போது எங்கே இருந்தீர்கள்? முழுவதும் பார்த்தீர்களா?" எல்லா ஆட்டத்தையும் நேரலையில் பார்ப்பதாக ஐந்து நிமிடம் முன்பு சொன்ன பையன் தலையைச் சொறிந்தான். முதல் ஆட்டம் பார்த்தான், இரண்டாவதில் கரண்டு போனது, வைஃபை போனது, டேட்டாவை எண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்தினான், முடிவை மறுநாள் நண்பன் சொல்லித் தெரிந்துகொண்டான். அடுத்தவளும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாள். அதற்கடுத்தவனும். முழுத் தொடரையும் தடையில்லாமல் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. நேரலைக் காட்சிகள் பெரும்பாலும் பேஸ்புக்கில்தான் ஓடும். 2021 பிப்ரவரி 4-இலிருந்து பேஸ்புக் முடக்கப்பட்டிருக்கிறது, வி.பி.என். போட்டுத்தான் நுழைய வேண்டும், போட்டால் படம் திக்கித் திக்கி வரும்.

பேட்டியை விட அதிகம் கற்றது பாய் கடையில். அனவ்ரதா சாலையில் காளி கோயிலைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. முழங்கால் உயரத்து பிளாஸ்டிக் முக்காலிகள், சமோசாத் தட்டு, தோசைக்கல், பால் தூக்கலான ச்சோ செய்ன் டீ. ஒரு மாலை அங்கே ஆறு பேர் ஒரே மேசையில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கட்டிப்பால் டின், அதில் சாய்த்து வைத்த ஒரே ஒரு கைப்பேசி. கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். பின்னால் இருந்த இருவருக்குத் திரை தெரியாது. முன்னால் இருப்பவன் "டர்டில் போச்சு", "லார்டு வந்துவிட்டது" என்று சொல்லச் சொல்ல அவர்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். டேட்டா ஒருவனுடையது, அவன் டீக்கு மற்றவர்கள் காசு. இவர்கள் என் தளத்துக்கு வந்தால் கணக்கில் ஒரு ஆள் என்றுதான் விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன தம்பி, நீயும் இதில் இறங்கிவிட்டாயா?" சொன்னேன். அவருக்கு விளையாட்டில் ஒரு ஹீரோ பெயர்கூடத் தெரியாது. ஆனால் கேட்டது மாதிரி வேறு யாரும் கேட்கவில்லை. "எனக்கு மூன்று விஷயம் சொல்லு. மேட்ச் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை மணி வரைக்கும் இழுக்கும்? பேட்டரியை அதற்குத் தகுந்த மாதிரி ஏற்றி வைப்பேன். போன வாரம் நடுவில் பேட்டரி செத்துப்போய், ஒரு கூட்டமே எதிர்க் கடைக்கு எழுந்துபோய்விட்டது."

தொடங்கும் நேரத்தை எல்லாத் தளமும் போடும். முடியும் நேரத்தைப் போடும் தளம் ஒன்றைக்கூட நான் அதுவரை பார்த்ததில்லை, காரணமும் உண்டு. ஐந்து ஆட்டத் தொடர் மூன்றிலும் முடியலாம், ஐந்து வரைக்கும் போகலாம். ஏழு ஆட்டம் என்றால் நான்கிலிருந்து ஏழு. முடிவு நேரம் யாருக்குத் தெரியும்? ஆனால் பாய்க்குத் துல்லியம் தேவையில்லை. சீக்கிரம் என்றால் எப்போது, இழுத்தால் எப்போது என்று இரண்டு எண் போதும். ஒரு ஆட்டத்துக்கு இத்தனை நிமிடம், ஹீரோ தேர்வுக்கு இத்தனை, இடைவேளைக்கு இத்தனை என்று பழைய தொடர்களை வைத்துக் கூட்டி அந்த இரண்டு எண்ணையும் அட்டவணையில் போட்டேன். தளத்தில் பிற்பாடு அதிகம் பேர் பாராட்டியது அந்த வரியைத்தான். இரவு வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் ஒரே போனைப் பங்கு போடுகிறவர்கள், பேட்டரி கணக்குப் பார்க்கிறவர்கள், எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. ரசிகர் அல்லாத ஒருவர் கேட்டதால் வந்தது.

தையல் கடைப் பெண் ஒருத்தியையும் சொல்ல வேண்டும். தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தாள், வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து. உள்ளே போட்டி ஓடிக்கொண்டிருந்தது, வர்ணனை மட்டும் கேட்டது. சட்டைக் கழுத்துப்பட்டியை அவள் கை மடித்துக்கொண்டே இருந்தது. "தொடக்கத்தில் எந்த ஹீரோ யார் கையில் என்று தெரிந்துவிட்டால் மீதியைக் காதாலேயே பார்த்துவிடுவேன். ஆனால் அதைத்தான் அவர்கள் கடகடவென்று சொல்கிறார்கள், எந்திரச் சத்தத்தில் தவறிப்போகிறது." பெரிய போட்டிகளில் ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு அணியும் ஐந்து ஹீரோக்களைத் தடுக்கும், ஐந்தைத் தேர்ந்தெடுக்கும். பாதி ஆட்டம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பட்டியலை வெறும் எழுத்தாக, படமில்லாமல், திரையின் மேலேயே நிற்கும்படி வைத்தோம். சில கிலோபைட்தான்.

ஆக, நேரலை பார்க்க வருகிறவர்களுக்காக என்று தொடங்கிய வேலை, பார்க்க முடியாமல் போனவர்களுக்கான வேலையாக மாறிக்கொண்டிருந்தது. அவர்களிலும் இரண்டு கட்சி. ஒருவருக்கு முடிவு உடனே தெரிய வேண்டும். இன்னொருவர் முடிவு தெரியாமல் பதிவை நாளை பார்க்க வேண்டும், அதுவரை காதைப் பொத்திக்கொண்டு நடமாடுவார். என் அக்கா மகன் இரண்டாம் கட்சி. முடிவை ஒரு திரை போட்டு மூடி, தொட்டால் மட்டும் திறக்கும்படி செய்து, பெருமையாக அவனிடம் காட்டினேன். பார்த்த மூன்றாவது நொடியில் முகம் சுளித்தான்.

"ஐந்து ஆட்டத் தொடரில் மூன்று பதிவுதானே இருக்கிறது. 3-0 என்று சொல்லிவிட்டீர்களே மாமா!"

முடிவை மூடி வைத்துவிட்டு அடியில் வீடியோப் பட்டியலில் அதை அப்பட்டமாகப் போட்டிருந்தேன். அன்று முதல் எத்தனை ஆட்டம் நடந்திருந்தாலும் ஐந்து கட்டமும் இருக்கும். நடக்காத ஆட்டத்தைத் தொட்டால்தான் நடக்கவில்லை என்று தெரியும். பதிவின் நீளத்தையும் மறைத்தோம், அதுவும் கோள் சொல்லிதான்.

வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம்: ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதத்தைக் கண்டுபிடிப்பார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் கணக்கு அது. செலவில்லாமல் ஆய்வு செய்ய நினைக்கிறவர்களுக்கு நல்ல சாக்கு, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் பாய் கடையின் ஒரே மேசையில் ஐந்து பேரைப் பிடித்தால் அது ஒரே ஆளை ஐந்து தடவை கேட்டது மாதிரிதான். அந்த மேசையில் யாருக்கும் எழுத்துருத் தொல்லை இல்லை. தொல்லை வந்தது தையல் கடையில்.

அவள் போன் அண்ணன் பயன்படுத்திப் போட்டது. அதில் எங்கள் தளத்தின் பர்மிய எழுத்துகள் எலும்பு முறிந்தவை போலக் கிடந்தன. பழைய ஸாவ்ஜி எழுத்துரு. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய போன்கள் செய்தித்தாள் படிப்பதில்லை. சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே குறியீட்டு இடங்களைப் பயன்படுத்துகின்றன, ஆனால் வேறு வேறு விதமாக. தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நம் ஒற்றைக்கொம்பைப் போலவே பர்மியத்திலும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் ஒரு உயிர்க்குறி உண்டு. "கெ" என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் ககரம்தான் முதலில் பதிவாகும், கொம்பு பின்னால். பழைய தட்டச்சு எந்திரத்தில் கொம்பை முதலில் அடிப்போம். ஸாவ்ஜி அந்தத் தட்டச்சு வழி. திருச்சியிலிருந்து பெரியப்பா மகன் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் அனுப்பிய மின்னஞ்சல்கள் எனக்குக் குப்பையாக வந்து சேர்ந்ததும், பதிலுக்கு நான் குப்பை அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கூகுள் இலவசமாகக் கொடுத்திருக்கும் கருவி ஒன்று உண்டு. பழைய எழுத்துருவில் தளத்துக்கு வந்து விழும் பின்னூட்டங்களைப் படிக்க அது உதவியது. அவள் போனுக்கு உதவாது. அதற்கு எழுத்துருவையே பக்கத்தோடு அனுப்ப வேண்டியிருந்தது, அதன் எடையைக் குறைக்கத்தான் நான்கு நாள் போனது.

கறுப்புப் பின்னணிச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாதம் செய்யவில்லை. ஒரு நண்பகலில் மூவரையும் சூலே பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப் போய், அவர்களுக்குப் பிடித்த அந்த வெளிநாட்டுத் தளத்தை அவரவர் போனில் திறந்து நாளைய அட்டவணையைப் படிக்கச் சொன்னேன். வெயிலில் போனைக் குடை மாதிரி கையால் மூடிக்கொண்டு மூன்று பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். பஸ் வந்தது. மறுநாள் வெள்ளைப் பின்னணிக்குச் சம்மதம் வந்தது, மேலே ஊதா நிறத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கட்டும் என்று. இருக்கிறது.

உறுப்பினர் பதிவு வேண்டாம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தொலைபேசி எண்ணைக் கேட்ட நிமிடத்தில் எத்தனை பேர் பக்கத்தை மூடினார்கள் என்று நானே பார்த்தேன். ஏன் என்று கேட்கும் நிலையில் இந்த ஊர் இல்லை.

2023 டிசம்பரில் மணிலாவில் ஐந்தாவது உலகச் சாம்பியன் போட்டி. அதற்குத்தான் தளத்தைத் திறந்தோம், திறந்த அன்றே மானம் போனது. பர்மிய நேரம் உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னால். அந்த அரையை, நான் எங்கிருந்தோ எடுத்துப் பொருத்திய நாட்காட்டி நிரல் விழுங்கிவிட்டது. மணிலாவில் பகல் 2 மணி ஆட்டம் ரங்கூனில் 12.30-க்கு. என் தளம் 12 என்றது. சோதனையில் எல்லா நேரத்தையும் நானே மனக்கணக்கில் சரிபார்த்ததாக நினைவு. எதைச் சரிபார்த்தேனோ!

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அவர் கல்லாவில் சிரித்த முகமாக இருந்தார். "தப்பா? யார் சொன்னது தப்பு என்று? பன்னிரண்டுக்கே கடை நிறைந்துவிட்டது. அரை மணி நேரம் சும்மா உட்கார முடியுமா? ஆளுக்கு இரண்டு டீ. அடுத்த மேட்சுக்கும் இப்படியே போடு தம்பி." அன்று இரவே திருத்திவிட்டேன். அவர் சில நாள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

2024-இல் இன்னொரு குழப்பம். பிலிப்பைன்ஸின் அந்தப் பிரென் அணி, சவுதியின் ஃபால்கன்ஸோடு சேர்ந்து ஃபால்கன்ஸ் ஏபி பிரென் ஆனது. நம் ஊரில் ஏற்கெனவே ஃபால்கன் எஸ்போர்ட்ஸ் என்று ஒரு அணி உண்டு. தேடல் பெட்டியில் "ஃபால்கன்" என்று அடித்தால் எது வர வேண்டும்? முதலில் நம் ஊர் அணி, அடுத்து மற்றது, பக்கத்தில் நாட்டுப் பெயர். இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை, பாய் கடையில் ஒருவனிடம் மாற்றிக் காட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதே போதும்.

அதே ஆண்டு நடுவில் இரண்டாம் சுற்றுப் பேட்டிக்காகப் பழைய ஆட்களைத் தேடினேன். பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. கட்டிப்பால் டின்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரில் இருவர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு ஒருவன் கிழக்குப் பக்கமாகத் தாடையை அசைத்தான். குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லை. தையல் கடைப் பெண் இருந்தாள், எழுத்துரு இப்போது ஒழுங்காகத் தெரிகிறது என்றாள்.

அக்கா மகனும் பாங்காக் போய்விட்டான். ரியாத்தில் போட்டி நடந்த ஜூலையில் ஒரு மாலை அவன் அழைத்தான். அங்கே ஏதோ உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை, பின்னணியில் தட்டுச் சத்தம். பேச்சோடு பேச்சாகத் தளத்தைப் பற்றிக் கேட்டேன். தாய்லாந்து நம்மை விட அரை மணி முன்னால், அந்த அரை மணி இந்த முறையாவது சரியாக வருகிறதா என்று.

"தெரியவில்லை மாமா. நான் ரங்கூன் நேரத்துக்கே மாற்றி வைத்துவிட்டேன். பாய் கடையில் எப்போது உட்காருவார்கள் என்று தெரிய வேண்டுமே."

பிறகு, "இன்று ராத்திரி அங்கே கரண்டு இருக்குமா? கேட்டுச் சொல்லுங்கள்" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பாய் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "எட்டு மணிக்குப் போகும்" என்றார். "முழுசாக ஏற்றிவிட்டேன், ஏழு ஆட்டம் தாங்கும் என்று சொல்லு."